அமில அலமாரியின் மேல் ஒரு கை

— ஆகவே கேள், வசீலா. குளிர் தன் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கடலேறிப் போய்விட்டது. நாபல் ஊரின் மதில்களுக்குள் நாரத்தை மரங்கள் வெண்மை சூடி, தொழுகைக்கு அணிவகுத்தவர்களைப் போல் அசையாமல் நிற்கின்றன. காற்று நடக்கவில்லை; மணத்தின் பாரம் தாங்காமல் தெருவோரம் அமர்ந்துவிட்டது. முற்றங்களில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. பூவைக் காய்ச்சும் செம்பு வாலைகள் மூச்சுவிடத் தொடங்கிவிட்டன. இத்தகைய பருவத்தில் சினம் கொள்ள மானிடர் எவருக்கும் உரிமை இல்லை.

— முடிஞ்சுதா, கவிராயரே? நீங்க அரபி வாத்தியார்ங்கிறதெல்லாம் உங்க வகுப்போட சரி. இது என்னோட ஆய்வுக்கூடம். இங்க கோபப்பட எனக்கு உரிமை உண்டு. முதல்ல அந்த ஜுப்பாக் கையை முழங்கை வரைக்கும் மடிங்க. கண்ணாடியைப் போடுங்க.

— கண்ணாடி என் மூக்கின் மீதே இருக்கிறது.

— அது படிக்கிற கண்ணாடி. நான் சொல்றது பாதுகாப்புக் கண்ணாடி. ஆணியில தொங்குது பாருங்க. புருஷன்னு வந்து நின்னா இங்க சலுகை கிடையாது.

— போட்டுவிட்டேன். தவளையைப் போல் இருக்கிறேனா?

— தவளைக்கு இவ்வளவு தாடி இருக்காது. சரி, இப்படி வாங்க. அமில அலமாரி மேல பதிச்சிருக்கீங்களே, இந்த ஓடு. இது என்ன?

— நீ கேட்ட எச்சரிக்கைக் குறி. காகிதம் ஒட்டினால் இங்குள்ள புகையில் பழுத்து உதிர்கிறது என்றாய். ஆகவே என் அண்ணனின் பட்டறையில் பீங்கான் ஓட்டில் நானே தீட்டி, சூளையில் சுட்டுக் கொண்டுவந்தேன். நம் பேரன் காலத்திலும் நிற்கும்.

— அதான் எனக்கு பயமா இருக்கு. நான் கொடுத்த மாதிரிப் படத்துல என்ன இருந்துச்சு? சிவப்புக் கட்டம், உள்ள கறுப்பு. ரெண்டு குழாயில இருந்து அமிலம் சொட்டுது. ஒண்ணு பலகையை அரிக்குது, இன்னொண்ணு கையை அரிக்குது. நீங்க என்ன வரைஞ்சிருக்கீங்க?

— ஒரு கை.

— எப்படிப்பட்ட கை?

— ஐந்து விரலும் நிறைந்த கை. உள்ளங்கையில் ஒரு கண். சுற்றிலும் நீலக் கொடி.

— ஆமா. இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு வாசல்ல தொங்குற கை. கண்ணேறு படாம காக்குற கை. அதைக் கொண்டுவந்து கந்தக அமிலத்து மேல பதிச்சிட்டீங்க. காலையில என்ன ஆச்சு தெரியுமா?

— தலைமையாசிரியை பாராட்டினார் என்று கேள்வி.

— பாராட்டினாங்க. மல்லிகைச் சரம் ஒண்ணு சாத்திடலாமான்னும் கேட்டாங்க. அதை விடுங்க. எட்டாம் வகுப்புப் பொண்ணுங்க இந்த அறையைப் பார்த்ததே இல்லையேன்னு கூட்டிட்டு வந்தேன். முன்னால வந்தவ நேரா போய் அந்தக் கையைத் தொட்டு, விரலை உதட்டுல வெச்சு முத்தம் குடுத்தா. பின்னால வந்தவளும் அப்படியே. நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள வகுப்பே வரிசை கட்டிடுச்சு. 'கிட்ட வராதே'ன்னு சொல்ல வேண்டிய பலகை, கவிராயரே. பிள்ளைங்க க்யூவில வந்து தொட்டு முத்திட்டுப் போகுதுங்க.

— பக்தியுள்ள பிள்ளைகள்.

— இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கதவைத் திறந்து புட்டியையும் முத்தியிருக்கும். இன்னொரு ஓட்டுல நீங்க வரைஞ்ச மீனைப் பத்தி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல.

— மீனுக்கு என்ன குறை?

— உயிரோட இருக்கே, அதான் குறை. இந்த மருந்தை ஓடையில கொட்டினா மீன் சாகும், மரம் பட்டுப்போகும்னு சொல்ற படம் அது. உங்க மரத்துல இலை துளிர்த்திருக்கு. உங்க மீன் சிரிக்குது. ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் மங்கல மீன். நாளைக்கு வர்ற ஆய்வாளர், கல்யாண வீடுன்னு நினைச்சு குஸ்குஸ் விருந்துக்கு உட்கார்ந்துடுவார்.

— செத்த மீனை நம் ஊரில் எவன் சுவரில் வரைந்திருக்கிறான்? பழகிய விரல், அதன் போக்கில் போய்விட்டது.

— மீனை நானே பார்த்துக்கிறேன். கண்ணு மேல குறுக்கால ரெண்டு கோடு போட்டா செத்துடும். இலையை மையால மறைச்சிடலாம். கையை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அது புதுசா வேணும், இன்னிக்கே. ஓடு வேணாம், அட்டை போதும். மை இருக்கு, சிவப்பு இருக்கு, உங்க தூரிகையும் இருக்கு.

— இன்று வேண்டாமே. வீட்டில் பறித்த பூ வாடுகிறது. வாலையை அடுப்பில் ஏற்றிவிட்டோம், தீ தள்ள ஆளில்லை என்று அக்காள் சொல்லியனுப்பினாள்.

— எனக்கும் சொல்லியனுப்பினாங்க. வேதியியல் படிச்சவ வீட்டுல இருந்தும், பூத்தண்ணி இறக்குறதுக்கு எதிர்வீட்டுக்காரிகிட்ட யோசனை கேட்க வேண்டியிருக்குன்னு. போவோம். இதை முடிச்சிட்டுப் போவோம்.

— சொல் இருக்கும்போது படம் எதற்கு, வசீலா? 'அஞ்சி விலகுக' என்று எழுதித் தருகிறேன். பழைய பள்ளிவாசல் எழுத்தில், கொடி பின்னி.

— உங்க கொடியைப் பிரிச்சு எழுத்தைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் போயிடும். ஏய், அந்தப் புட்டியைக் கீழ வைங்க. மூக்கைக் கொண்டுபோகாதீங்க. மணம் பார்க்கணும்னா தள்ளி வெச்சு, கையால காத்தை மெல்ல மூக்குப் பக்கம் விசிறிக்கணும்.

— தர்காவில் சாம்பிராணிப் புகையை வாங்கிக்கொள்வதைப் போல.

— அதே மாதிரிதான். ஆனா இங்க அது சட்டம். பேச்சை மாத்தாதீங்க. போன தடவை அந்த ஆய்வாளர் என்ன சொல்லிட்டுப் போனார்? கண் கழுவுற குழாய் எங்கேன்னார், போட்டாச்சு. மணல் வாளி எங்கேன்னார், வெச்சாச்சு. அமிலத்துக்கு நேரா குறி இருக்கணும், படிக்கத் தெரியாத குழந்தையும் பார்த்ததும் பின்வாங்கணும்னார். அது இல்லேன்னா அடுத்த வருஷமும் இந்தக் கதவுக்குப் பூட்டுத்தானாம். என் நிலைமை தெரியும்ல உங்களுக்கு? கரும்பலகையில சோதனைக்குழாயை வரைஞ்சு, அதுக்குக் கீழ சாக்பீஸால தீ மூட்டி, 'பாருங்க பிள்ளைங்களா, நிறம் மாறிடுச்சு'ன்னு சொல்லிட்டிருக்கேன். நீல சாக்பீஸும் தீர்ந்துபோச்சு.

— அறிவேன்.

— அப்ப எதுக்கு இந்த நழுவல்? அபசகுனம்னு பயமா? ஓட்டை விழுந்த கையை வரைஞ்சா குடும்பம் விளங்காதுன்னு அக்கா சொன்னாங்களா?

— அப்படியே வைத்துக்கொள்.

— எப்படி வெச்சுக்கிறது? பக்கத்துல பதிச்ச ஓட்டைப் பாருங்க. மண்டை ஓடு. ஒரு பல்லு குறையல. அபசகுனத்துக்குப் பயந்தவர் வரையுற மண்டையா இது?

— மரணத்தை நினைவூட்டுவது புண்ணியம்.

— கையை நினைவூட்டுறது பாவமா? சரி, உட்காருங்க. நாளைக்குக் கதவு திறந்துட்டா முதல் பாடத்துல என்ன பேசப்போறேன்னு ஒத்திகை பார்க்கிறேன். நீங்கதான் எட்டாம் வகுப்பு. தாடியை மறைச்சுக்குங்க. 'பிள்ளைங்களா, போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்துல, இதே மேசை மேல வைக்கோல் பின்னின குடுவை ஒண்ணு இருந்துச்சு. நம்ம வீட்டுல பூத்தண்ணி ஊத்தி வைப்போமே, அதே குடுவை. அமிலப் புட்டியில விரிசல் விட்டுதுன்னு யாரோ, நல்ல மனசோடதான், கைக்குக் கிடைச்ச அந்தக் குடுவையில மாத்தி வெச்சிருந்தாங்க. மேல பேர் இல்ல, குறி இல்ல. பூத்தண்ணிக் குடுவையைப் பார்த்தா நாபல்காரி என்ன செய்வா? உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தி முகத்துல ஒத்திக்குவா. உங்க டீச்சரும் உள்ளங்கையில ஊத்தினா.'

— போதும், வசீலா.

— 'முகத்துக்குக் கொண்டுபோகல. ஏன்னா வாசனை வரல. பூ வாசனை இல்லாத பூத்தண்ணியான்னு ஒரு நொடி தயங்கினேன். அதுக்குள்ள கை எரிய ஆரம்பிச்சிடுச்சு. இந்த ஊர் மூக்குதான் என் கண்ணைக் காப்பாத்துச்சு.' இந்த இடத்துல பிள்ளைங்க சிரிக்கும். சிரிக்கட்டும்.

— நான் சிரிக்கவில்லை.

— நீங்க மோசமான மாணவர். அன்னைக்குப் பூட்டின அறை இதுன்னு சொல்லி, இந்தக் கையை விரிச்சுக் காட்டுவேன். எல்லாம் எட்டிப் பார்க்கும். அப்புறம் அலமாரியைக் காட்டுவேன். அங்க உங்க கை கண்ணும் கொடியுமா முழுசா சிரிச்சிட்டு நின்னா, நான் சொன்னதெல்லாம் கதையாயிடும். அதுக்குத்தான் கேட்கிறேன், மெஹ்ரேஸ். அந்த ஓட்டையோட வேணும்.

— வரைஞ்சேன்.

— எதை?

— நீ கொடுத்ததை. அப்படியே. அண்ணன் பட்டறையைச் சாத்திட்டுத் தொழப் போனப்புறம் உட்கார்ந்து வரைஞ்சேன். குழாய் சரியா வந்துச்சு. சொட்டு சரியா வந்துச்சு. கை மட்டும் உன் கையா வந்துச்சு. கட்டைவிரல் பக்கம் தோல் இழுத்துப் பிடிச்சிருக்கே, அந்த மடிப்போட. துடைச்சிட்டு மறுபடி வரைஞ்சேன். மறுபடியும் உன் கைதான். மத்த ஓடெல்லாம் சூளையில அடுக்கியாச்சு, அது மட்டும் என் மடியில இருக்கு. எப்படி அதை எடுத்து நெருப்புக்குள்ள வைப்பேன்? ஒரு தடவை எரிஞ்சது போதாதா?

— அப்புறம் அதை என்ன பண்ணீங்க?

— துடைச்சிட்டேன். விரல் ஒவ்வொண்ணா முழுசாக்கினேன். கண் வெச்சேன், கொடி போட்டேன். அதைத்தான் சுட்டேன். சகுனத்துக்குப் பயந்தவன்னு நீ நினைச்சா நினைச்சுக்கோன்னு விட்டுட்டேன்.

— காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?

— கேலி பண்ணியிருப்பே.

— பண்ணியிருப்பேன். நாள் பூரா பண்ணியிருப்பேன். கண்ணாடிக்கு உள்ள என்ன, தண்ணி கோத்திருக்கா? கழட்டாதீங்க. அலமாரிகிட்ட இருந்து நகர்ந்து, ஜன்னலோரம் வந்து துடைச்சுக்குங்க. விதி விதிதான்.

— துடைச்சாச்சு.

— அட்டைக்குச் சூளை வேணாம், மெஹ்ரேஸ். மை தானா காயும், நெருப்பு வேணாம். மாதிரிப் படமும் வேணாம். இந்தா, மேசை மேல வெச்சிருக்கேன். இதையே பார்த்து வரைங்க.

— கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பு. வலிக்குதா?

— வலியெல்லாம் போயாச்சு. நீங்க அப்படிப் பார்த்தாத்தான் கூச்சமா இருக்கு. அழகுபடுத்தாதீங்க. கொடி, இலை, ஒண்ணும் வேணாம்.

— விரலை ஆட்டாதே.

— வீட்டுல பூ?

— வாடட்டும். ஒரு வருஷம் எதிர்வீட்டுப் பூத்தண்ணி வாங்கிக்கலாம். இந்த ஓரம் உள்ள போகுதே, அது எப்படி இருந்துச்சு முன்னால?

— முன்னால எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியணும். மோதிரம் போட்டவர் நீங்க. இப்ப எப்படி இருக்கோ அப்படியே போடுங்க.

— போட்டுட்டேன். சிவப்புக் கட்டம் மட்டும் பாக்கி. இதோ. பார்.

— காட்டுங்க. பார்க்கவே சகிக்கல. பக்கத்துல போகவே மனசு வரல. எவளும் இதைத் தொட்டு முத்தமாட்டா. ரொம்ப சரியா இருக்கு.

— என் வாழ்நாளில் நான் பெற்ற பாராட்டுகளுள் இதுவே கொடியது.

— மறுபடியும் கவிராயர் வந்துட்டாரா? சரி, அதைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. நான் மீனைக் கொன்னுட்டு வர்றேன். அப்புறம் ஒண்ணு கேட்கணும். கடை திறந்தாலும் படகு இறக்கினாலும் நம்ம ஊர்ல ஃபாத்திஹா ஓதாம ஆரம்பிக்கிறதில்ல. இந்தக் கதவுக்கும் ஓதிடுவோமா?

— நீயா கேட்கிறாய்? அந்த நாளுக்குப் பிறகு இந்த இடது கையை முக்காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஒத்தைக் கையை ஏந்தித்தான் நீ துஆ கேட்கிறே. நான் பார்க்காத மாதிரியே இருந்துட்டேன்.

— பார்க்காத மாதிரி இருக்கிறதைத்தான் நானும் பார்த்துட்டிருந்தேன். இன்னிக்கு ரெண்டையும் விரிக்கிறேன். இதோ. நீங்க ஓதுங்க. மெதுவா. ராகமெல்லாம் வேணாம்.

— பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்…

— ஆமீன்.

— ஆமீன். இவ்வறைக்குள் நுழையும் கைகளெல்லாம், நுழைந்தவாறே முழுமையாய்த் தம் வீடு சேர்க.