ஒற்றைக்கொண்டைக் குஞ்சுகள்

அடைக்கு வைக்கிற முட்டையைக் கழுவக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிறகு ஏன் பொரியவில்லை என்று கேட்பார்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் எது வேண்டுமானாலும் உள்ளே போகும்.

கோழிக் கதை வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது என்றீர்கள். கோழிக் கதை இல்லாமல் இதை எழுத முடியாது, சார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கால்நடை அறிவியல். மரபியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று, சரக்கு வண்டி ஓட்டி என்னைப் படிக்க வைத்தான். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தாலும் யாரும் விடப்போவதில்லை. பட்டமளிப்பு அன்று என் சான்றிதழைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவன் தோளைத்தான் தட்டினார்கள். புகைப்படக்காரர்கூட, "அண்ணன் நடுவுல நில்லுங்க, தங்கச்சி கொஞ்சம் ஓரமா" என்றார். நான் ஓரமாக நின்றேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிக் கிடங்கில் என் கோழிகளை வளர்த்தேன். பழைய இனம். கறுப்பு இறகு, ஈய நிறக் கால், ரோஜாக்கொண்டை. சாதாரணச் சேவலுக்குக் கொண்டை ரம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அது ஒற்றைக்கொண்டை. ரோஜாக்கொண்டை தலையோடு படிந்து, மொட்டு மொட்டாகப் பரவியிருக்கும். ஆறு பெட்டையும் ஒரு சேவலுமாகத் தொடங்கி ஏழாவது தலைமுறைக்கு வந்திருந்தேன். இந்த முறை பொரிப்பதும் சுத்தமாக இருந்தால், இனப்பதிவுக் குழு வந்து பார்த்துச் சான்றிதழ் தரும். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

நூறு குஞ்சு பிறந்தால் எட்டோ ஒன்பதோதான் தங்கும். மிச்சத்தைக் கழுத்தைத் திருகிக் கழித்துவிடுவேன். முதல் தடவை அதைப் பார்த்த அண்ணி, "உனக்குக் கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

"நடுங்கினா கோழிக்குத்தான் அண்ணி வலிக்கும்," என்றேன்.

அப்புறம் அவர் கிடங்குப் பக்கம் வரவில்லை.

குஞ்சு வெளியே வரும்போதும் ஒரு விதி உண்டு. உதவக் கூடாது. உள்ளேயிருந்து அது தட்டும். கேட்கப் பாவமாக இருக்கும். விரலால் ஓட்டைக் கொஞ்சம் பிய்த்துவிட்டால் வந்துவிடும். ஆனால் தானாக வர முடியாததை வெளியே எடுத்தால், அந்தப் பலவீனத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம்.

அண்ணனிடம் நாலைந்து கலப்புக் கோழிகள் இருந்தன. பொழுதுபோக்குக்கு வைத்திருந்தான். அவற்றில் ஒரு பெரிய சிவப்புச் சேவல், நெட்டுக்கு நிற்கிற ஒற்றைக்கொண்டையோடு. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். அவன் முற்றத்துக்கும் என் கோழிகளின் அடைப்புக்கும் நடுவே கம்பி வேலி, ஒரு கதவு. ஒருநாள் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன டாக்டரம்மா, என் மாப்பிள்ளை உன் பொண்ணுங்கள எட்டிப் பாத்துட்டு வந்துட்டான். நாள் குறிச்சிடலாமா, சம்பந்தி?"

"கதவத் தொறந்தியா?"

"நான் எங்க தொறந்தேன்? அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கூவுனான், அவளுங்க அந்தப் பக்கம் நின்னு கேட்டாளுங்க. கேட்டதுக்கே முட்டை கெட்டுடுமா? என்ன படிப்புடி படிச்ச?"

அண்ணி சமையலறையிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எடுத்த முட்டைகள்தான் அடைக்கு வைத்தவை. இருபத்தோராம் நாள் காலையில் பொரித்தன. ஈரம் காய்வதற்குள் தெரிந்துவிட்டது. சில குஞ்சுகளின் தலையில் மெல்லிய நூல் மாதிரி நேராக ஒரு கோடு. ஒற்றைக்கொண்டை. குழு வர ஆறு நாள் இருந்தது. அந்தக் குஞ்சுகளைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே கழித்துவிட்டேன். கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். அண்ணி இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்றார். போதும் என்றேன்.

குஞ்சைக் கழித்தால் போதாது, சார். குறை எந்த வழியாக வந்ததோ அதையும் அடைக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவை பொரித்து முடித்ததும் கிடங்குக்குள் இருக்கும் பொரிப்பறையைக் காலி செய்து, கிருமி சாகப் புகை மருந்து வைத்து மூடுவோம். காற்றுப் போகாமல் இருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே சிவப்புப் பலகை தொங்கும். அது தொங்கினால் யாரும் திறக்கக் கூடாது. உள்பக்கக் கைப்பிடி ஒரு மாதமாக உடைந்திருந்தது. "நாளைக்கு மாட்டிடறேன்" என்று அண்ணன் இரண்டு தடவை சொல்லியிருந்தான். மாட்டவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மதியம் மருந்து வைத்தேன். புகை கிளம்பச் சில நிமிடம் ஆகும். பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அண்ணன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, உள்மூலையில முட்டைத் தட்டு ஒண்ணு இருக்கு. எடுத்துத் தாயேன்."

"நீ எடுத்தா கையில இருக்கிற பட்டம் அழுக்காயிடுமோ?" என்றான். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனான். நான் எது சொன்னாலும் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில், சாவியை மறந்துவிட்டு வந்தவன் தட்டுகிற மாதிரி தட்டினான். "ஏய், விளையாடாத, கண்ணு எரியுது" என்றான். பிறகு இருமல். பிறகு என் பெயரைச் சொன்னான், சின்ன வயதில் கூப்பிடுகிற பெயரை. முட்டையில் காதை வைத்துக் கேட்பதுபோல நான் கதவில் காதை வைத்திருந்தேன். குஞ்சும் அப்படித்தான். முதலில் வேகமாகத் தட்டும். நடுவில் ஓய்வெடுக்கும். மறுபடி தட்டும். நல்ல குஞ்சு அந்த இரண்டாம் தடவையில் வந்துவிடும்.

சத்தம் நின்ற பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் பலகையை மாட்டினேன். அண்ணியைக் கூப்பிட்டேன்.

எல்லாரும் விபத்து என்றே நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள். பிறகு ஏன் நானாக வந்தேன் என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சியப் படிக்க வச்சான், கடைசியில தங்கச்சி வேலைக்கே உசிரக் குடுத்துட்டான்" என்றார்கள். நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவன் எதையும் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அது சரியாகப் பதிவாக வேண்டும்.

நேற்று நீங்கள் அழைத்து வந்த கால்நடை மருத்துவர் முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை பொரித்தன, அதில் எத்தனை ஒற்றைக்கொண்டை என்று. நாற்பத்து நாலு, அதில் பதினொன்று என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அவர் சொல்லாததை நானே எழுதிவிடுகிறேன். முதலாண்டுப் பாடம்தான். ரோஜாக்கொண்டை மேலோங்கும், ஒற்றைக்கொண்டை ஒளிந்துகொள்ளும்; தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். என் பெட்டைகள் சுத்தமாக இருந்திருந்தால், அண்ணனின் சேவலே உள்ளே வந்திருந்தாலும் ஒரு குஞ்சுகூட ஒற்றைக்கொண்டையோடு பிறந்திருக்காது. பெட்டைகளில் குறை ஒளிந்திருந்து அந்தச் சேவலும் வந்திருந்தால், பாதிக்குப் பாதி பிறந்திருக்கும். நாலுக்கு ஒன்று என்றால் பெட்டையிலும் ஒளிந்திருக்கிறது, என் சேவலிலும் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து யாருமே வர வேண்டியதில்லை.

பிறகு, எண்ணியது கதவைச் சாத்துவதற்கு முன்பா, பின்பா என்று மருத்துவர் கேட்டார். முன்பு. காலையில். எண்ணுவது வேறு, யோசிப்பது வேறு.

என் மேல் உள்ள குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலிக் கதவைத் திறந்தது அண்ணன்தான். அவனே சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். அண்ணி கிடங்கைக் காலி செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். பெட்டைகளை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். என் சேவலை மட்டும் கழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சுத்தமான ரத்தம்.