ஒத்துக்காது

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அடுப்படியில் நிற்கிறவனுக்கு யார் எதைக் கொடுத்தாலும் முதலில் குறைதான் நாக்கில் படும். இதற்காகவே நான் சாப்பிடும்போது என் மனைவி எதிரில் உட்கார மாட்டாள்.

நான் வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "டிவியில வர்றவர் ஓட்டலாச்சே, அங்க போய் சாப்பிட்டா குடுக்கற காசுக்குத் தகுமா?" பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

தகும். ஆனால் அவருக்காக இல்லை. அவர் மாதத்தில் இரண்டு நாள் வருவார். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வாணலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படம் எடுத்து முடிந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். வாணலி காலியாகத்தான் இருக்கும். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அவர் பெயர் போட்ட மீனைச் சாப்பிடத்தான் மூன்று மாதம் முன்னாலேயே மேசை சொல்லிவைத்துவிட்டு வருகிறார்கள். மீன் எங்கேயும் கிடைக்கிற மீன்தான். அதன் மேல் ஊற்றுகிற சாஸில்தான் எல்லாம் இருக்கிறது. வெங்காயம் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கி, மீன் எலும்பு வெந்த தண்ணீரில் ஐந்து மணி நேரம் சுண்டவிட்டு, கடைசியில் வறுத்த பாதாமை மைபோல் அரைத்துச் சேர்த்து, துணியில் வடிகட்ட வேண்டும். இரண்டு வருடம் பாடுபட்டு நான் கண்டுபிடித்தது அது. சாப்பாட்டுப் பட்டியலில் அவர் பெயரில் இருக்கிறது.

எங்கள் சமையலறையில் ஓர் ஏற்பாடு உண்டு. சாப்பிட வருகிறவர் ஒரு பொருளைப் பிடிக்காது என்றால் பரிமாறுகிறவர் வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொண்டுவருவார். அலர்ஜி என்றால் சிவப்புச் சீட்டு. சிவப்பு வந்தால் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. ஏற்பாட்டில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நம் ஜனங்கள் பிடிக்காது என்றும் சொல்வதில்லை, அலர்ஜி என்றும் சொல்வதில்லை. "எனக்கு ஒத்துக்காது" என்பார்கள். ஒருவருக்கு வாயுத் தொல்லை. ஒருவருக்கு எடை கூடிவிடுமோ என்று பயம். ஒருவருக்கு எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் வயிறு கெட்டது. இன்னொருவருக்கு நிஜமாகவே மூச்சு நின்றுவிடும். நாலு பேருக்கும் ஒரே வார்த்தை. எதற்கு வம்பு என்று, அந்த வார்த்தையை யார் சொன்னாலும் சிவப்பு எழுதச் சொல்லிவிட்டார் மேலாளர். அதற்கப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் ஏழெட்டுச் சிவப்பு வரத் தொடங்கியது.

போன வருடம் ஒருவர் வந்தார். ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இணையத்தில் எழுதுகிறவர். பாதாம் ஒத்துக்காது என்றார். பாதாம் இல்லாமல் செய்து அனுப்பினேன். 'பெயருக்காகப் போகலாம், நாக்குக்காகப் போக வேண்டாம், சாஸ் வெறும் தண்ணீர்' என்று மறுநாள் எழுதியிருந்தார். பெரியவர் போனில் கூப்பிட்டு, "என் பேரைக் கெடுத்துட்டியேப்பா" என்றார். அடுத்த வாரம் அதே ஆள் வேறொரு கடையில் பாதாம் கேக் தின்று, அதையும் படம் பிடித்துப் போட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

அதற்குப் பிறகுதான் சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன். சோதனை என்பது என் வார்த்தை, நீங்கள் வேறு வார்த்தை போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புச் சீட்டில் பாதாம் என்று வந்தால், தனியாகச் செய்த சாஸில் கால் கரண்டி என் சாஸைக் கலந்து அனுப்புவேன். கூடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான், அங்கிருந்து பார்த்தபடி நிற்பேன். பதினோரு பேர். பதினோரு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெண்மணி, "இதைச் செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு உங்க பெரியவர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய நல்லதைத்தான் தட்டில் வைத்தேன்.

பன்னிரண்டாவது அந்த அம்மாள். தையற்கடை வைத்திருந்தார் என்று பிறகு பேப்பரில் படித்தேன். அறுபது வயது நிறைவுக்கு மகள் மேசை சொல்லி, அப்பாவையும் அம்மாவையும் அனுப்பிவைத்திருக்கிறாள். பரிமாறியது சோடா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நீங்கள் ஒன்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவர்தான்.

சோடா வேலையில் படு சுத்தம். சீட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம், கையோடு கொண்டுவந்தார். "மாஸ்டர், நாலாம் மேசை அம்மாவுக்கு பாதாம் ஒத்துக்காதாம். எப்படி ஒத்துக்காதுன்னு கேட்டேன். தொண்டை அடைச்சிக்குமாம், ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்காங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

"சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கால் கரண்டியோடு நிறுத்தவில்லை. சாஸ் அருமையாக அமைந்திருந்தது, அதைத் தண்ணீராக்க மனம் வரவில்லை. என் பாத்திரத்திலிருந்தே முழுக் கரண்டி ஊற்றினேன்.

முதல் வாயிலேயே அந்த அம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். கணவரின் தட்டிலும் கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகு இருமினார். கை கழுத்துக்குப் போனது. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் எழுந்து ஓடினார். கணவர், "பாதாம் ஒத்துக்காது, பையில ஊசி இருக்கு, பையில ஊசி இருக்கு" என்றபடி வாசல் பக்கம் கிளம்பினார். எங்கள் ஓட்டலில் மேசை அழகாக இருக்க வேண்டும் என்று கைப்பைகளை வாசலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். நான் வெளியே வந்தேன். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுல பாதாம் இருக்கா?"

கூடத்தில் பதினாறு மேசை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தட்டில் அந்தச் சாஸ்.

"இல்லைங்க. மீன் முள்ளா இருக்கும்" என்றேன்.

பாதி வழியில் போய்க்கொண்டிருந்த கணவர் திரும்பி வந்துவிட்டார். முதுகில் தட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். உதடு வீங்கியதைப் பார்த்துவிட்டு டாக்டர் பையைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தியபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு எதிரில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும். ஊசி போட்டார்கள். போட்டதில் பலன் இல்லை.

சாஸில் பாதாம் இருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தபோது, கூடத்தில் இல்லை என்றது பதற்றத்தில் வாய் தவறி வந்தது, சிவப்புச் சீட்டு எதுவும் வரவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். சீட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சோடாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். "அந்தப் பொண்ணு உட்காரக்கூட இல்லீங்க, நின்னபடியே அழுதுட்டுப் போயிடுச்சு. 'மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னா அவரை விட்டுடுவாங்க'ங்குது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள் என் மனைவி. தெரியாது என்றேன். எனக்குப் பாவமாக இருந்தது, நிஜமாகவே இருந்தது. அந்த அழுகைதான் என்னை இங்கே கூட்டிவந்தது. அப்படித்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நேற்று பெரியவர் டிவியில் பேசினார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த சாஸ் என் கையால பிறந்தது. இருபது வருஷ உழைப்பு. இனிமே அதை நான் செய்யப் போறதில்ல" என்றார். செய்யப் போவதில்லையாம். அவருக்கு வெங்காயம் எப்போது இறக்குவது என்றுகூடத் தெரியாது. ஊர் முழுக்க அவருக்காக உச்சுக்கொட்டியது. என் மனைவியும்தான். காலையில் எழுந்ததும் குளித்துவிட்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

"ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். தெரிந்தேதான் ஊற்றினேன், தெரிந்தேதான் இல்லை என்றேன். சோடா மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவர் எழுதிய சிவப்புச் சீட்டு இதோ என் பையில் இருக்கிறது, அவர் கையெழுத்து, நாலாம் மேசை, பாதாம். இதைக் கொடுத்துவிட்டால் அவர் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம், இல்லையா?

கொடுக்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் எழுதியதில் மூன்றாம் பக்கத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 'பெரியவரின் சாஸ்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.