லம்பாசெனேவுக்குப் போகாத ஏழாம் பதிப்பு

இந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பெரியவர் ஹாஜி பாஸோ அவர்களே! மகாசர் தலைமை அலுவலகத்தின் கண்ணாடி வழியாகவே கடலைக் கண்டு களித்த இயக்குநர் பாக் ஹெண்ட்ராவன் அவர்களே! கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் தாய்மார்களே! தீவுக்குத் தீவு மருத்துவப் படகோட்டும் தோழர்களே! செயல்முறைப் பிரிவின் ருஸ்லி உங்களை வணங்கிப் பேச வந்திருக்கிறேன்.

நாற்பது நாளுக்கு முன், ஒரு சனிக்கிழமை, இதே மண்டபத்தில் விழா எடுத்தோம். நினைவிருக்கிறதா? மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்துத் தும்பெங் வைத்தோம். எதற்கு? நோயாளியை ஏற்றப் படகு கேட்கும் செயலியின் ஏழாம் பதிப்பு பதினொரு தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம்! சுவரில் பெரிய திரை. பதினொரு வரி, பதினொரு பச்சைக்குறி. இயக்குநர் கோபுரத்தின் நுனியை வெட்டினார். அதிகம் பாடுபட்டவருக்குப் போக வேண்டிய அந்த நுனியை யாருக்குக் கொடுத்தார்? திரை வாங்கித் தந்தவருக்குக் கொடுத்தார்!

சிரிக்காதீர்கள் தோழர்களே, நீங்களும் வரிசையில் நின்று கோழிக்கால் வாங்கியவர்கள்தான்.

பத்துத் தீவுகளுக்கு இணைப்பு உண்டு. இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே சர்வரில் புதிய பதிப்பு ஏறிவிடும். பதினொன்றாவது தீவு லம்பாசெனே. அங்கே இணையக் கம்பியும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. மருத்துவமனை மூலையில், சூரியத் தகட்டில் ஓடும் ஒற்றை சர்வர். அதற்குப் பதிப்பை ஒரு பென் டிரைவில் பொட்டலமாகக் கட்டி, கையில் எடுத்து, படகில் ஏறி, அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நிறுவ வேண்டும். அப்படியானால் திரையில் அந்தப் பதினொன்றாவது பச்சை எப்படி வந்தது? கட்டிய உடனே வந்தது! கட்டி முடித்ததற்கு விழுந்த குறியை, கொண்டு சேர்த்ததற்கு விழுந்ததாக எண்ணி இலை போட்டார்கள். சோறு வெந்ததுமே ஊரெல்லாம் உண்டதாக எழுதிக்கொள்ளும் அறிவாளிகளை இந்த உலகம் வேறெங்கும் கண்டதுண்டா?

ஏழாம் பதிப்பு ஏன் வந்தது? லம்பாசெனேயின் துறைமுக அதிகாரி பாக் லல்லோ, அந்த விழாவுக்கு முந்தைய நாள் ஓய்வு பெற்றார். ஆறாம் பதிப்பில் அவர் ஒப்பினால்தான் படகுக்கு ஆணைச்சீட்டு அச்சாகும். ஏழாம் பதிப்பில் மருத்துவச்சியே ஒப்பலாம். எந்தத் தீவுக்காகச் செய்தோமோ, அந்தத் தீவுக்கு மட்டும் அது போகவில்லை!

மூன்று வாரம் கழிந்தது. ஒரு காலை, ஹஸ்னாவியா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது. மருத்துவச்சி இபு ராவ்தா படகு கேட்டுப் பதிவு செய்கிறார். சர்வரும் சமர்த்தாக அதை எடுத்துப் பாக் லல்லோவின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. இபு ராவ்தா அவர் வீட்டுக்கே ஓடினார். மனிதர் கொல்லையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"பாக், ஒரே ஒரு ஒப்புதல், சீக்கிரம் வாங்க!"

"நான் எங்கம்மா ஒப்புறது? பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டுப் பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க. வேணும்னா அதை எடுத்துட்டு வரவா?"

அங்கிருந்து படகுத்துறைக்கு ஓடினார். படகோட்டி டாயெங் ஙல்லே கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார்.

"சீட்டு வந்துச்சா இபு?"

"வராது டாயெங். அந்தப் பெட்டி வேலையில இல்லாத ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"சீட்டில்லாம எடுத்தா என் வேலை போயிரும்."

"எடுக்கலைன்னா அவ போயிருவா."

டாயெங் கயிற்றை அவிழ்த்தார். "சரி, தூக்கிட்டு வாங்க. பெட்டி அங்கேயே கிடந்து காத்திருக்கட்டும்!"

மூன்று மணி நேரக் கடல். பெரிய மருத்துவமனையில் தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். தட்டுங்கள் கையை! இன்னும் பலமாகத் தட்டுங்கள், முன்வரிசைக்கும் கேட்கட்டும்!

தலைமை அலுவலகம் டாயெங்குக்கு என்ன செய்தது? மாலை போட்டதா? ஆணைச்சீட்டின்றிப் படகெடுத்தார் என்று பணிநீக்க நோட்டீஸ் அனுப்பியது. லம்பாசெனேவுக்கு வியாழன்தோறும் சரக்குப் படகு போகிறது. அடுத்த வியாழனே நோட்டீஸ் ஏறியது, இறங்கியது, கையெழுத்தும் வாங்கியது. உயிர் காக்கும் பதிப்புக்கு ஐந்து வியாழனில் வழி தெரியவில்லை, வேலை பறிக்கும் தாளுக்கு ஒரே வியாழனில் வழி தெரிந்துவிட்டது! இதைத்தானா நிர்வாகம் என்கிறீர்கள்? இதற்குத்தானா தும்பெங் வெட்டினீர்கள்?

என்ன, பின்வரிசையில் யார் அது? "பென் டிரைவ் யார்கிட்ட இருந்துச்சு?" என்றா கேட்டீர்கள்? கேளுங்கள் ஐயா, நன்றாகக் கேளுங்கள்.

என்னிடம் இருந்தது.

கட்டியவன் நான். பச்சைக்குறியைப் பார்த்ததும் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கோழிக்காலுக்கு ஓடியவனும் நான். இயக்குநரை ஏசிய வாயால் என்னையும் ஏசிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் துடித்தபோது அவளுக்கான படகு என் இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவில் கிடந்தது. நோட்டீஸ் அனுப்புவதென்றால் என் பெயருக்கு அனுப்புங்கள். என் முகவரிக்கு இணைப்பு உண்டு, உடனே வந்து சேரும்!

அவைத் தலைவர் அவர்களே, டாயெங் ஙல்லேயின் நோட்டீஸைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். கைகள் உயர்கின்றன, எண்ண வேண்டிய தேவையே இல்லை. இன்னொன்றும் சேர்த்து எழுதுங்கள்: இனித் தும்பெங்கின் நுனி, கடைசித் தீவில் பதிப்பை ஏற்றிவிட்டு அங்கே அச்சான சீட்டோடு திரும்பி வருபவருக்கே. அவர் வரும்வரை கத்தியை யாரும் தொடக் கூடாது.

இதோ, சட்டைப்பையில் அந்தப் பென் டிரைவ். இன்று வியாழன். நான்கு மணிக்குச் சரக்குப் படகு. இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று இயக்குநர் அவர்களுக்கு. பாக் ஹெண்ட்ராவன், நோட்டீஸ் ரத்தான கடிதத்தை உங்கள் கையாலேயே டாயெங்கிடம் கொடுங்கள். அலை கொஞ்சம் அதிகம், மதிய உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, கேள்வி கேட்ட அந்தப் பின்வரிசைத் தோழருக்குக் கூடுதல் நன்றி. படகுக்கு நேரமாகிவிட்டது, வணக்கம்!