பஸ்குவால் குளிக்கிறான்

ஹலோ... ஹலோ, அத்தையா... ஆமா, டெமெத்ரியோதான் பேசுறேன். சொல்லுங்க. அங்க எஸ்தெலியில குளிரா... ஆமா, ஆமா... குழந்தை பால் குடிக்குதா... நல்லது. பிரசவத்துக்கப்புறம் உங்க சின்னப் பொண்ணுக்கு உடம்பு தேறிடுச்சா... நல்லது, நல்லது.

எனக்கா? மூச்செல்லாம் வாங்கலையே. சும்மா ஏணி மேல நிக்கிறேன், அதான்... கூரைத் தகரம். ஆமா, நீங்க கிளம்புறதுக்கு முந்தி சொன்னீங்களே, அதேதான். ஒருவழியா கை வச்சுட்டேன்.

கிளிக்கு என்ன அத்தை, பஸ்குவால் ஜம்முன்னு இருக்கான்... இப்பவா? இப்ப பேச முடியாதே. குளிச்சுக்கிட்டு இருக்கான்... ஆமா, சாயங்காலம்தான். நம்மூர் நிந்திரி வெக்கை உங்களுக்குத் தெரியாததா... கிளி சாயங்காலத்துல குளிக்காதுன்னு யாரு சொன்னா... நீங்கதானா. சரி.

கூப்பிட்டா வர மாட்டான் அத்தை, மேலெல்லாம் சோப்பு... இல்ல, சோப்பு போடல. கிளிக்கு யாராவது சோப்பு போடுவாங்களா... சரி, சரி, இதோ குடுக்கிறேன்...

க்ர்ர்... பஸ்குவாலுக்கு ரொஸ்கீயா... க்ர்ர்... ரொஸ்கீயா...

கேட்டீங்களா? ... நான் இல்ல அத்தை... அவனுக்குக் கொஞ்சம் ஜலதோஷம், அதான் குரல் அப்படி...

கத்தாதீங்க, ஏணி ஆடுது. சொல்லிடறேன். முதல்ல உக்காருங்க... உக்காந்தாச்சா? பஸ்குவால் பக்கத்து வீட்டு டோன்யா பெர்த்தாவோட மாமரத்துல இருக்கான்... உச்சியில... மத்தியானத்துலேருந்து. உங்க பொண்ணு மைராவுக்கு இன்னும் தெரியாது. கடையிலேருந்து அவ வர்றதுக்குள்ள இறக்கிடலாம்னு பார்த்தேன்.

இறக்கை வெட்டினேன் அத்தை, சத்தியமா வெட்டினேன். நீங்க கிளம்பின வாரமே... என்ன பிறையா? ... வளர்பிறைதான்... ஆமா... ஆமா, தேய்பிறையில வெட்டினாத்தான் சீக்கிரம் வளராதுன்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. தொழில் புத்தி, என்ன செய்யச் சொல்றீங்க? முடி அடர்த்தியா வளரணும்னு ஊரே வளர்பிறை பார்த்துத்தான் என் சலூனுக்கு வருது. அன்னைக்கு நல்ல கூட்டம். கையில கத்தரி. அதே சூட்டுல இவனையும் நாற்காலியில உக்கார வச்சு... நுனியை மட்டும்தான் எடுத்தேன். ரொம்ப எடுத்தா முகத்துக்கு எடுப்பா இருக்காதேன்னு... சரி, நிலா மேல பழி போடல. ஆமா, முட்டாள்தான்... ஆமா, அதுவும்தான்.

சலூனுக்கு எதுக்குக் கொண்டுபோனேன்னா... வீட்ல தனியா கிடந்து இறகைப் பிடுங்கிக்கிட்டு இருந்தான் அத்தை. நீங்க போனதுலேருந்து. நீங்க ஊட்டுற மாதிரியே ரொஸ்கீயா பிஸ்கட்டை ஒடைச்சுக் குடுத்தேன், வாங்கிக் கீழ போட்டான். சலூனுக்கு வந்தப்புறம்தான் கொஞ்சம் தின்னான், ஆளுங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு.

திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம், இருட்டப் போகுது. பச்சைக்கிளிக் கூட்டம் எரிமலைப் பொந்துல அடையத் திரும்புற நேரம். இப்பவே ஒண்ணு ரெண்டு மேல போகுது. இவன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறான்... தெரியும் அத்தை, அதுங்க சின்னது, இனமே வேற. அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? கண்ணாடியில தன்னைப் பார்த்ததைத் தவிர வேற கிளியே பார்க்காத பய. அதுங்களோட போய் எரிமலை வாயில, அந்தப் புகையில... மத்ததுங்களுக்குப் பழக்கம். இவன் ரொஸ்கீயா தின்னு வளர்ந்தவன்.

அத்தை... அழறீங்களா?

என்ன பேச்சு இது... அவனும் போயிட்டா இந்த வீட்டுக்கு எதுக்கு வரணுமா? ... ஓ. சின்னவ அங்கேயே இருக்கச் சொல்றாளா... தனி ரூமே குடுத்துட்டாளா... இருங்களேன். எனக்கென்ன. சூப்புல உப்பு பத்தலன்னு சொல்ல ஆள் இருக்காது. டிவி ரிமோட் என் கையில இருக்கும். நிம்மதி.

அத்தை, ஒண்ணு செய்வோமா? ஸ்பீக்கர்ல போட்டு மேல தூக்கிப் பிடிக்கிறேன். சாயங்காலம் காப்பி ஆச்சுன்னு அவனைக் கூப்பிடுவீங்கள்ல, அதே மாதிரி கூப்பிடுங்க... இன்னும் சத்தமா... கொஞ்சறப்ப வர்ற குரல் வேணாம், என்னைத் திட்டறப்ப வருமே, அந்தக் குரல்... ஆ, அதுதான்.

திரும்பிப் பார்த்தான். இன்னொரு தடவை...

வந்துடுச்சு அத்தை, கூட்டம் வந்துடுச்சு. வானம் பூரா பச்சை, காதைக் கிழிக்குது. நீங்க நிறுத்தாதீங்க, கூப்பிட்டுக்கிட்டே இருங்க... இறக்கையை விரிச்சுட்டான்... டேய், வேணாம்டா... போயிட்டான் அத்தை. போயிட்டான்...

இல்ல. இருங்க. திரும்புறான்... சுத்தி வர்றான்... ஆ, ஐயோ... வந்துட்டான், வந்துட்டான், என் தலை மேல... நகம், டேய், நகம்... ஆமா அத்தை, முழுசா இருக்கான். நான்தான் முழுசா இல்ல.

அழாதீங்க... நான் எங்க அழறேன்? ஏணி ஆடுதுன்னு சொன்னேனே.

ஒரு நிமிஷம், தோளுக்கு இறங்கிட்டான், போனை மோந்து பார்க்கிறான். பேசுடா பஸ்குவால், உன் ஆளுதான்...

...

அது நான் இல்ல அத்தை. இந்தத் தடவை நெஜமாவே கிளிதான்... என் குரல் மாதிரியா இருக்கு? சலூனுக்கு ஆயிரம் பேர் வர்றான், எவனாவது சொல்லியிருப்பான்... 'கிழவி இல்லாத வீடெல்லாம் ஒரு வீடா'ன்னு நான் எதுக்குச் சொல்லப் போறேன்... டேய், வாயை மூடு, ஒரு தடவை சொன்னா போதாதா... தினம் கேட்டாத்தான் கிளிக்கு வருமா? ... வரும்... முடி வெட்டறப்ப மனுஷன் எதையாவது பேசிக்கிட்டுத்தானே இருக்கணும்.

அத்தை? என்ன, கிளம்பி வர்றீங்களா?

...

எப்ப? நாளைக்கேவா... முதல் பஸ்ஸுலயா... சரி... சரி. சூப்பு நான் வச்சுடறேன். உப்பு போட மாட்டேன், நீங்களே வந்து போட்டுக்குங்க.

கூரையா... எந்தக் கூரை? ... ஓ, தகரம். ஆமா, ஆமா, கை வச்சுட்டேன்னேனே... ஹலோ? அத்தை, சரியா கேக்கல... இங்க கிளிச் சத்தம்... ஹலோ... ஹலோ...