டிரெஸ்டனில் எடுத்து வைத்த ஓரடி

டிரெஸ்டனைச் சுற்றிப் பார்க்கச் சனிக்கிழமை போகக்கூடாது. கூட்டம் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நான் சொன்னேன். வழக்கம்போல யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்பது அதையல்ல என்று தெரியும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

கெம்னிட்ஸில் நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம். நானும் ஃபால்க்கும் பொறியியல் மாணவர்கள், ரீக்கெ மொழியியல். வீட்டை அலைந்து திரிந்து பிடித்தது நானும் ஃபால்க்கும். சமையலறைச் சுவருக்கு இரண்டு பேருமாக மஞ்சள் வண்ணம் அடித்தோம். வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அன்று எனக்குக் காய்ச்சல், கையெழுத்துப் போடப் போகவில்லை. நண்பன் பெயர் இருந்தால் என்ன, என் பெயர் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அவனை நான் அப்படி நம்பினேன்.

அன்று காலை எல்லாம் நன்றாகவே இருந்தது. தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறினோம். பாலத்தில் நின்று படம் எடுத்தோம். பிறகு ஆற்றங்கரைக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். ஃபால்க் எனக்குப் பிடித்த முட்டைப் பாலேட்டுக் கேக்கை நான் கேட்காமலே வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். நான்கு வருடத்தில் அவன் அப்படிச் செய்ததே கிடையாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மடையன் நான்.

ரீக்கெதான் வாய் தவறிச் சொன்னாள்.

"ஒன்னோ வர்றதுக்குள்ள அந்தப் பச்சை அலமாரிய எடுத்துட்டா, அவன் சைக்கிள உள்ளயே வெச்சுக்கலாம்ல?"

பச்சை அலமாரி என்னுடையது. அது என் அறையில் இருக்கிறது.

"ஒன்னோ யாரு?" என்றேன்.

ரீக்கெ கேக்கைப் பார்த்தாள். ஃபால்க் தொண்டையைக் கனைத்தான்.

"இன்னிக்கு உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்டா. வீட்ல வெச்சு சொன்னா நல்லாருக்காதேன்னு... நீ வேற எடம் பாத்துக்க. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம்."

முந்தைய சனிக்கிழமை நான் ஸ்விக்காவில் அம்மாவின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். அந்த ஒரே நாளில் ஏழு பேர் வந்து என் அறையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதிதாக வருகிறவரைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, பாத்திரம் கழுவுவாயா, சத்தம் போடுவாயா என்று கேட்பது எங்கள் வழக்கம். ரீக்கெயை அப்படிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதே நான்தான். இப்போது அதே மேசையில், நான் வண்ணம் அடித்த சுவருக்குப் பக்கத்தில், காதும் காதும் வைத்தாற்போல் எனக்குப் பதில் ஆள் எடுத்திருக்கிறார்கள்.

"என் ரூமத் தொறந்து காட்டுனீங்களா?"

"கட்டில்ல யாரையும் உக்கார விடலடா, சத்தியமா" என்றான் ஃபால்க்.

அந்தச் சொல்தான் என்னை அறுத்தது. துரோகம் செய்கிறவன் இவ்வளவு மரியாதையோடு செய்வான் என்று நான் நினைத்ததில்லை.

காரணம் கேட்டேன். ரீக்கெ மெதுவாகச் சொன்னாள்: "காலைல ஆறு மணிக்குக் கண்ணு முழிச்சா நீ என் கட்டில் பக்கத்துல நிக்கிற, லோரென்ஸ்."

"ஜன்னல் தொறக்க வந்தேன்."

"பூட்டு மாத்துனேன். நீ அதுக்கும் சாவி செஞ்ச."

செய்தேன். மறுக்கவில்லை. அறையைக் காற்றாட விடாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் தூங்கி எழட்டும் என்றுதான் சில நாள் ஒரு மணி நேரம்கூட ஓசையில்லாமல் நின்று காத்திருக்கிறேன். அந்த அக்கறைக்குக் கிடைத்த கைம்மாறு இது.

நான் சண்டை போடவில்லை. கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ரயில் நிலையத்துக்கு நடந்தோம். ஃபால்க் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம சிநேகிதம் அப்படியேதான்டா இருக்கும்" என்றான். ஆமாம் என்றேன்.

டிராம் தண்டவாளத்தை ஒட்டிச் சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழந்தை பார்க்கும்போது சிவப்பில் சாலையைக் கடக்க எங்கள் ஊரில் யாருக்கும் கால் வராது. எல்லோரும் நின்றோம்.

ஃபால்க் ஒருநாளும் விளக்கைப் பார்க்கமாட்டான். கைபேசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனின் கால் நகர்ந்தால் தானும் நகர்வான். "லோரென்ஸோட ஷூவ நம்பித்தான் தொரையோட உசுரே ஓடுது" என்று ரீக்கெ கிண்டல் செய்வாள். நான் சிவப்பில் ஒருநாளும் கடந்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். அன்றும் அவன் திரும்பிப் போகும் ரயிலைக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தான்.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான். அவன் என்னைத் தாண்டி நடந்தான். நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை; போலீஸ்காரர்கள் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் சாலைக் கேமராப் படத்திலும் அப்படித்தான் தெரியும். டிராம் வருவதை நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தேன். டிராம் மணி அடித்தபோது அவன் நிமிர்ந்தான்; டிராமைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நம்பின ஒருவன் நம்மைக் கைவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ரீக்கெயின் சட்டைக் கையை நான் ஏன் பிடித்திருந்தேன் என்று அவள் உங்களிடம் கேட்டாளாம். அவளும் சில சமயம் பார்க்காமல் நடக்கிறவள். அதனால் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக ஜன்னல் திறப்பது?