ஓட்டம் பாராத ஜெயந்தினி அம்மையாருக்கு

ஜெயந்தினி என்னும் இனிய நாமமும், கொப்பிக் கட்டும் குடையும் நீங்காத கரமும், மைதானத்துக்கு முதுகு காட்டி அமர்ந்து கணக்குத் திருத்தும் வழக்கமும் உடைய எங்கள் மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே!

திம்புள்ள மலைப்பாதையில், மூடுபனியிலும் முழங்கால் வலியிலும் முறை தவறாது ஏறி வந்து, முப்பத்தோராண்டுகள் கணிதம் கற்பித்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் விளையாட்டுப் பொறுப்பாசிரியராகவும் கையொப்பமிட்டீர்கள். வேறு எவரும் முன்வராமையே அதற்குக் காரணம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். ஒரு பந்தயத்தையேனும் தாங்கள் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆயினும் பஸ்ஸில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிள்ளைகளின் தலை எண்ணத் தவறியதில்லை. ஆதலின், ஜெயந்தினி டீச்சர் உடன் சென்றால் மாத்திரமே பெண்பிள்ளையை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவது என்பது எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் மாறா வழக்கமாயிற்று.

அக்கையொப்பங்களை ஆர்வமென்று பிழையாக எண்ணிய நாங்கள், ஓய்வுபெறும் தங்களுக்குப் பிரியாவிடைப் பரிசாக, சென்ற வெள்ளிக்கிழமை, பெற்றோரையும் அழைத்து, அயல்நாட்டு ஓட்ட வீராங்கனை ஒருத்தியின் ஆவணப்படத்தைத் திரையிட்டோம். ஒன்றரை மணி நேரம்! இசை முழங்கிற்று, வீராங்கனை விழுந்தாள், எழுந்தாள், மெதுவாக, மிக மெதுவாக ஓடினாள். தாங்களோ மூன்று முறை கடிகாரத்தையும் ஒரு முறை கூரையையும் நோக்கினீர்கள். படம் எப்படியென்று, தங்கள் விளையாட்டுப் பொறுப்பை ஏற்கவிருக்கும் நிரஞ்சன் ஆசிரியர் வினவினார்.

“ஓடுறத இவ்வளவு மெதுவா காட்டுனா எப்ப தம்பி வீட்டுக்குப் போறது? அந்தப் புள்ள மழையில நனைஞ்சு நிக்குது. ஒருத்தராவது ஒரு துவாய் குடுத்தாங்களா?” என்றீர்கள்.

மண்டபம் சிரித்தது. தேயிலைக் கொழுந்து பறித்துக் களைத்து வந்திருந்த மீனம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. வரும் சனிக்கிழமை நுவரெலியாவில் நடைபெறும் வலயப் போட்டிக்குத் தெரிவான எங்கள் மாணவி தனுஜாவின் தாய் அவர். வயதெல்லையின்படி தனுஜாவுக்கு இதுவே இறுதி வாய்ப்பு.

“டீச்சர் வரலன்னா எம் மகள அனுப்ப மாட்டேங்க,” என்றார்.

நிரஞ்சன் ஆசிரியர் எத்துணை வேண்டியும் அவர் இசையவில்லை. ஓய்வு வேண்டி நிற்கும் தங்களிடம் இன்னுமொரு பயணத்தைக் கேட்க எங்களுக்கும் நா எழவில்லை.

நீடு வாழ்க, அம்மையீர்! நொந்த கால்களுக்கு இளைப்பாறுதலும், திருத்தக் கொப்பியில்லாக் காலைப் பொழுதுகளும் தங்களுக்கு வாய்ப்பனவாகுக! அன்று எவரும் கேளாமலே, குடையைக் கையிலெடுத்தவாறு தாங்கள் மெல்லச் சொன்னதை இம்மடலின் இறுதியில் பதிக்கிறோம்:

“சனிக்கிழம நான் வர்றேன் மீனம்மா. துவாய மறக்காம குடுத்து விடுங்க.”

இங்ஙனம்,
தங்களை இன்னும் ஓயவிடாத ஆசிரியர் குழாம்