வால்டர் சாரோட ஓட்டு

…வெயிலு இந்தப் பக்கந்தாண்ணே அடிக்கும். வண்டி எப்படித் திரும்புனாலும் நம்ம சீட்டுலதான் வந்து விழும். ஏசி டிரைவருக்கு மட்டுந்தான். நீங்க அந்தத் துண்ட ஜன்னல்ல சொருகிக்கங்க. ஆங், அப்படித்தான். புஜைராவெல்லாம் ஒரு ஊரா, சொல்லுங்க. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடலு, நடுவுல எண்ணெய் டேங்கு. பதினாறு வருசம் துபாய் ஆபீசுல ஏசிக்குள்ள இருந்தவன் நானு. இப்ப டேங்கு யார்டு வாசல்ல, ஒரு தகர ரூமுல ஒக்காந்து லாரி நம்பர் எழுதிக்கிட்டிருக்கேன். என்னயக் கொண்டாந்து இங்க தள்ளுனது யாருங்கிறீங்க? அமெரிக்காவுல ரெண்டு கட்சி இருக்குல்ல… யானக் கட்சி, கழுதக் கட்சி. அதுங்கதான்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

பேரு என்ன சொன்னீங்க, வீரபாண்டியா? உசிலம்பட்டிப் பக்கமா. சரி சரி. நான் ஜெய்னுலாப்தீன், கீழக்கரை. கப்பலுக்கு எண்ணெய் ஊத்துற கம்பெனி எங்களுது. அதுல நான் ஆபீஸ் பாய். அம்பத்திரெண்டு வயசுல பாய். ஊருக்குப் போனாலும் பாய்தான், அதுனால ஒண்ணும் பெருசாத் தெரியல. டீ, காப்பி போடணும், ஜெராக்ஸ் எடுக்கணும், சாயங்காலம் கூரியர்காரன் வந்தா தபாலயெல்லாம் எண்ணிக் குடுக்கணும். அவ்வளவுதான் வேலை. அந்தத் தபாலுதாண்ணே… இருங்க, மொதல்லேருந்து சொல்றேன்.

எங்க ஆபீசுல ரெண்டு அமெரிக்காக்காரங்க. வால்டர் சார், டென்னிஸ் சார். ஒரே ரூமு, எதிரெதிர் மேசை. ஒம்பது வருசமா மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க. வால்டர் சாருக்கு அம்பத்தெட்டு வயசு, நல்ல ஒயரம், பேச்சு கம்மி. எனக்கு ஒரு தடவ சிறுநீரகத்துல கல்லு வந்து சுருண்டு விழுந்தப்ப, அவரே கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஏழு மணி நேரம் வராந்தாவுல ஒக்காந்திருந்தாரு. படிச்ச பேப்பரயே திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டு. டென்னிஸ் சாரு வேற மாதிரி. ஸ்பூன்ல ஒரு கறை இருந்தாலும் காப்பியத் திருப்பி அனுப்பிருவாரு. ஆனா ஈராக்கு மேல குண்டு போட்டது தப்புன்னு வாய் விட்டுச் சொன்ன அமெரிக்காக்காரன நான் அவருலதான் பாத்தேன். அது போதும்ல நமக்கு.

போன வருசம் எலெக்சன் வந்துச்சா… வால்டர் சாரு பரம்பரை யானக் கட்சி, ஈராக்குல சண்டைய ஆரம்பிச்ச ஆளோட கட்சி. தாத்தா காலத்துலேருந்து. மேசையில ஒரு குட்டி யானைப் பொம்ம வச்சிருப்பாரு. டென்னிஸ் சாரு கழுத. காப்பிக் கப்புலயே கழுத ஸ்டிக்கரு. ஆரம்பத்துல கேலி பேசிக்கிட்டாங்க. அப்புறம் சத்தம் போட்டாங்க. அப்புறம் சத்தமே இல்ல. செப்டம்பர்ல ஒரு நாளு டென்னிஸ் சாரு என்னயக் கூப்பிட்டு, அந்த இரும்பு பீரோவ ரெண்டு மேசைக்கும் நடுவுல தள்ளி வைக்கச் சொன்னாரு. நாந்தான் தள்ளி வச்சேன். முதுகு புடிச்சிக்கிச்சு.

அதுக்கப்புறம் பேச்செல்லாம் என் வழியாத்தான். "ஜெய்ன், நாலு மணிக்குக் கப்பல் வருதுன்னு அந்த ஆள்கிட்டச் சொல்லு"ம்பாரு இவரு. நான் பீரோவச் சுத்திப் போயிச் சொல்வேன். அவருக்கு ஏற்கெனவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்ற வரைக்கும் நிமிர மாட்டாரு.

எனக்கு இது புதுசில்லண்ணே. எங்க வாப்பாவும் பெரிய மாமாவும் பதினோரு வருசம் பேசாம இருந்தாங்க. ஊர்ல ஒரு கட்சி ரெண்டா ஒடஞ்ச அன்னைக்கு ஆரம்பிச்சது. மாமா மக கல்யாணத்துக்கு நாங்க போகல, எதிர்வீடு, பிரியாணி வாசம் இங்க வருது, உம்மா கதவச் சாத்திட்டு ரசஞ்சோறு போட்டாங்க. இந்தக் கிறுக்குத்தனமெல்லாம் வேணாம்னுதான் நான் கப்பலேறி வந்ததா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். வந்தது வயித்துப் பொழப்புக்கு. அது வேற. ஊர்ல ஓட்டுப் போட்டே இருவது வருசமாச்சு, லிஸ்ட்டுல பேரு இருக்கோ இல்லியோ. அப்படிப்பட்டவன், அமெரிக்காவுல கழுதக் கட்சிக்காரனா ஆயிட்டேன். டென்னிஸ் சாரு ஒரு பேட்ஜு குடுத்தாரு. அத சட்டைக்கு உள்பக்கமா குத்திக்கிட்டு, வால்டர் சாருக்குக் காப்பி கொண்டு போவேன். வெளிய குத்திக்கிற தைரியம் கெடையாது, பாருங்க.

அக்டோபர் நடுவுல நோம்பு ஆரம்பிச்சிருச்சு. அப்ப ஒரு நாளு வால்டர் சாரு ஒரு கவரு குடுத்தாரு. கெட்டியான கவரு, ஓரத்துல கையெழுத்து. ஜெய்ன், இது என் ஓட்டு, இன்னைக்குக் கூரியர்ல போயிரணும், உன்ன நம்பித்தான் குடுக்கிறேன்னாரு. வெளிநாட்டுல இருக்கவங்க அவங்க ஊருக்குத் தபால்லயே ஓட்டு அனுப்பலாமாம். அவரு ஊரு ஒஹையோ.

ஒஹையோவுலதான் இழுபறின்னு டிவியில தெனமும் சொல்றான்ல… சாயங்காலம் கூரியர்காரன் வந்தான். எல்லாத் தபாலையும் எண்ணிக் குடுத்தேன். அந்தக் கவரு மட்டும் என் கையிலயே நின்னுருச்சு. காப்பி ரூமு அலமாரியில, காப்பி வடிகட்டுற பேப்பருக்கு அடியில வச்சுப் பூட்டுனேன். நோம்பு வாயோடண்ணே. காலையிலேருந்து தண்ணி கூடக் குடிக்கல, அடுத்தவன் நம்பிக் குடுத்த அமானிதத்தத் தின்னுட்டேன்.

அப்ப துபாய்ல, அல் குசைஸ்ல எங்க ரூமுல ஆறு பேரு. நோம்பு தொறக்கறப்ப இத பெருமையாச் சொன்னேன். யானக் கட்சிக்கு ஒரு ஓட்டக் கொறச்சிட்டேன்டான்னு. எல்லாரும் சிரிச்சு, என் தட்டுல ரெண்டு வடைய அதிகமா வச்சாங்க. முகம்மது சித்தீக்குன்னு எங்க ஊர்ப் பையன்தான், நாப்பது வயசு இருக்கும், அவன் மட்டும் சிரிக்கல.

"காக்கா, ஒங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரே, அவரு கவரா அது?"

காக்கான்னா எங்க ஊர்ல அண்ணன். அவ்வளவுதான் கேட்டான். எனக்குக் கோவம் வந்துருச்சு. ஈராக்குல சாகுற பிள்ளைங்களப் பத்தி ஒனக்கென்னடா தெரியும்னு கத்திட்டேன். மறுநாளே அந்தக் கவரக் குடுத்திருக்கலாம். அதுக்கு மறுநாளும் குடுத்திருக்கலாம். நாளு இருந்துச்சு. அலமாரியத் தொறந்து பாப்பேன், பூட்டுவேன். சித்தீக்கு சொல்லி நான் கேக்கறதாங்கிற வீம்பு. வேற ஒண்ணுமில்ல.

ரிசல்ட்டு அன்னைக்கு மீட்டிங் ரூமுல டிவி. நம்ம ஊரு நேரத்துக்குக் காலையில. செவப்பும் நீலமுமா மேப்பு. டென்னிஸ் சாரு டிவிக்குப் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. வால்டர் சாரு கடைசி நாக்காலியில, டிவியவே பாக்கல. ஒஹையோ, ஒஹையோன்னு அதையே சொல்றான். கடைசியில அங்க யானைதான். ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். நான் அமுக்குன ஒரு ஓட்டு எங்க, அது எங்க. எனக்கு மட்டும் பாவம் மிச்சம்.

மறுநாளு டென்னிஸ் சாரு பீரோவச் சுத்தி வந்தாரு. ரெண்டு மாசத்துல மொத தடவையா நேரா வால்டர் சார் மூஞ்சியப் பாத்துப் பேசுனாரு. நான் காப்பித் தட்டோட வாசல்ல நிக்கிறேன்.

"ஒம்மவன் அங்க பாக்தாத்துல கெடக்குறான். அவன அனுப்புன ஆளுக்கே ஓட்டுப் போட்டுருக்க. நீயெல்லாம் ஒரு தகப்பனா?"

வால்டர் சாரு மவன் பட்டாளத்துல இருக்கான்னு தெரியும். ஈராக்குல இருக்கான்னு எனக்கு அப்பதான் தெரியும். வால்டர் சாரு யானைப் பொம்மையத் தள்ளி வச்சிட்டு பேப்பரப் பாத்தாரு.

எனக்குத் தாங்கல. அவருக்கு ஆறுதலாச் சொல்லணும்னு தோணுச்சு. என்ன ஆறுதல் தெரியுமா? சார், நீங்க கவலப்படாதீங்க, ஒங்க ஓட்டுப் போகவே இல்ல, அந்தப் பாவம் ஒங்களச் சேராதுன்னு. இத ஆறுதல்னு நெனச்சேன் பாருங்க, என் புத்திய என்னன்னு சொல்ல. மத்தியானம் டென்னிஸ் சாரு வெளிய போனதும், கவர எடுத்துட்டுப் போயி மேசையில வச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவரு எந்திரிச்சுக் கதவச் சாத்துனாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். கவரக் கிழிச்சு, உள்ள இன்னொரு கவரு, அதையும் கிழிச்சு, தாள விரிச்சு எம் பக்கமாத் திருப்புனாரு. எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கெர்ரின்னு பேரு. அதுக்கு நேராத்தான் கறுப்பா அடையாளம்.

கழுதைக்குண்ணே. அந்த மனுசன் கழுதைக்குத்தான் போட்டிருந்தாரு.

"எங்க அப்பா, தாத்தா யாரும் மாத்திப் போட்டதில்ல ஜெய்ன். நான் மொத தடவையாப் போட்டேன். எம் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. நீயும் யார்கிட்டயும் சொல்லாத."

மவனுக்காகப் போட்டிருக்காரு. வெளிய சொல்ல முடியல. கட்சிய விட்டுட்டான்னு ஊர்ல பேரு வரும்ல. எங்க வாப்பாவும் அப்படித்தான், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா இருந்திருப்பாரு. அந்தத் தாள மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கிட்டு, ஒரு காப்பி கொண்டு வாயேன்னாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தாருன்னா நான் இன்னும் துபாய்லதான் இருப்பேன்.

சரி, சொல்லாதன்னாரா. நான் சொல்லாம இருந்தேனா? பெருநாள் முடிஞ்சு நாலாம் நாளு. டென்னிஸ் சாரு காப்பி ரூமுக்கு வந்து, அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதுன்னு ஆரம்பிச்சாரு. தெனமும் இதே பாட்டு. வால்டர் சாரு தெனமும் கேட்டுக்கிட்டு கல்லு மாதிரி இருக்காரு. நான் நடுவுல, எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு, காப்பி கலக்கிக்கிட்டு. எவ்வளவு நாளைக்கு? சொல்லிட்டேன். கவரு, ஓட்டு, நான் ஒளிச்சது, எல்லாம். டென்னிஸ் சாரு கப்ப அவரே கழுவி வச்சிட்டுப் போயிட்டாரு.

மறுநாளு காலையில போறேன், பீரோ பழையபடி செவுத்தோரமா இருக்கு. யாரு தள்ளுனாங்கன்னு தெரியல. ரெண்டு பேரும் பெருசாப் பேசிக்கல. மத்தியானம் ஒண்ணாச் சாப்பிட்டாங்க.

நல்லதுதான? எனக்கும் சந்தோசந்தான். அன்னைக்குப் பத்து மணிக்கு வால்டர் சாரு காப்பி ரூமுக்கு அவரே வந்தாரு. குட் மார்னிங் ஜெய்ன்னாரு, எப்பவும் போல. அவரே தண்ணி சுட வச்சு, ரெண்டு கப்பு காப்பி போட்டு, அவரே எடுத்துட்டுப் போனாரு. நான் குடுங்க சார்ங்கிறேன். பரவால்ல ஜெய்ன்னுட்டாரு. மறுநாளும் அப்படித்தான். எட்டு நாளு. ஒரு சுடுசொல்லு கெடையாது. எம் பக்கத்துலயே நின்னு அவரு சக்கரை போடுவாரு, நான் சும்மா நிப்பேன்.

கம்பெனி என்னயத் தள்ளலண்ணே. யானையும் தள்ளல, கழுதையும் தள்ளல. நானே எழுதிக் கேட்டேன், புஜைரா யார்டுக்கு மாத்துங்கன்னு. அந்த லெட்டர இங்கிலீசுல எழுதிக் குடுத்தது டென்னிஸ் சாரு. எதுக்குன்னு அவரும் கேக்கல.

பாருங்க, யார்கிட்டயும் சொல்லாதன்னாரு, இப்ப ஒங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஒங்கள எனக்கு முக்கா மணி நேரமாத்தான் தெரியும்.

செவ்வாக்கெழம யார்டுக்குப் போன் வந்துச்சு. வால்டர் சாரே பேசுனாரு. மவன் லீவுல வந்திருக்கானாம், ஒடம்பு சொகமா. வர்ற வெள்ளிக்கெழம, அதான் இன்னைக்கு, மத்தியானம் வீட்டுல சாப்பாடு, டென்னிசும் வர்றான், நீயும் வான்னாரு. வேற எதுவும் பேசல. மன்னிச்சிட்டாரா, மரியாதைக்குக் கூப்பிட்டாரா, வெளங்கல. போனாலும் அந்தப் பையன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது, அவனுக்காகப் போட்ட ஓட்ட அலமாரியில வச்சிப் பூட்டுனவன்… போன வெள்ளிக்கெழம, போன் வர்றதுக்கு முன்னாடியே, நானாத் துபாய் போயி அவரப் பாத்துட்டு வரலாம்னு கெளம்புனேன். பாதி வழியில, தைதுல எறங்கி, ஒரு டீயக் குடிச்சிட்டு, எதிர் வண்டியப் புடிச்சு புஜைராவுக்கே திரும்பிட்டேன்.

என்ன, தைத் வந்துருச்சா? நீங்க எறங்கணுமா? துபாய் வரைக்கும்னுல நெனச்சேன். சரி… துண்ட மறந்துராதீங்க. பை அந்தப் பக்கம் இருக்கு. டிரைவரு என்ன கேக்குறாரு? என்னயவா?

இல்ல பாய், நான் எறங்கல. அண்ணே, எறங்குறப்ப அந்தக் கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போங்க.